பழைய போட்டோவைத் துணியில் தைக்கிற பெட்டி: வாங்கலாமா?

வீட்டில் இருக்கும் பழைய போட்டோவை அனுப்பினால் போதும், அதைக் கோட்டோவியமாக்கித் துணியில் அச்சடித்து, நூல், ஊசி, வளையம், கத்தரி எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியில் வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம் என்று விளம்பரம் வருகிறதே, அதை வாங்கித் தைத்துப் பார்த்தேன். விற்பவர் பெயரைப் போடவில்லை. அதே பெட்டி, அதே துணி, அதே இளஞ்சிவப்பு விளக்கத்தாள் நாலைந்து பெயர்களில் ஆன்லைனில் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. விலை 1,500 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, தபால் செலவு தனி. பெட்டியில் வந்ததில் வளையத்தையும் ஊசியையும் வைத்துக்கொண்டேன், மற்றது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. ஆனால் அந்த வேலை இருக்கிறதே, பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு துணியில் தைக்கிற வேலை, அது நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் பெட்டியைப் பற்றிக் கொஞ்சமும் வேலையைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

நான் அனுப்பியது பெரியம்மாவின் பூ ஜடைப் படம். உங்கள் வீட்டு ஆல்பத்திலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். வளைகாப்பு சமயத்தில் ஜடை முழுக்க மல்லிகை மொட்டு வைத்துத் தைத்து, நடுவில் தாழம்பூ மடலைச் செருகி, ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய், பின்னால் ஆளுயரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, முகமும் ஜடையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுப்பார்களே, அது. பூவுக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாது என்பது பாட்டியின் கணக்கு. 1974இல் மதுரையில் எடுத்தது, கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் படத்தாளில் உள்ள வெள்ளி மேலே கிளம்பி, சாய்த்துப் பார்த்தால் நீலமாக மினுங்கும்.

படத்தை அனுப்புவதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளக்கத்தாளில் இது இல்லை. பிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின், ஈரக்காற்றில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், தாள் மட்டும் கையில் வரும். கண்ணாடியோடேயே ஸ்கேனரில் கவிழ்த்து 600 டிபிஐயில் எடுங்கள், இல்லையென்றால் ஜன்னல் பக்கம் வைத்து, ஃபிளாஷ் போடாமல், கண்ணாடியில் உங்கள் நிழலே விழாத கோணத்தில் போனில் எடுங்கள், தைப்பதற்கு அது போதும். அப்புறம், படத்தை ஏற்றுகிற பக்கத்தின் அடியில் ‘உங்கள் படத்தை எங்கள் விளம்பரத்தில் பயன்படுத்த சம்மதம்’ என்று ஒரு கட்டம், முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். வீட்டுப் பெண்களின் படம் எங்கே போய் எந்த விளம்பரத்தில் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்.

சரி, பெட்டி வந்தது. திறந்தால் துணியில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள்.

கண்ணாடியில் தெரிகிற முதுகை வேறொரு ஆள் என்று நினைத்துவிட்டது அவர்களுடைய மென்பொருள். கண்ணாடியின் சட்டத்தைத் தேவையில்லாத பின்னணி என்று அழித்துவிட்டது. அதனால் பெரியம்மா நம்மைப் பார்த்து நிற்கிறாள், பக்கத்தில் யாரோ ஒருத்தி கோபித்துக்கொண்ட மாதிரி முதுகைக் காட்டி நிற்கிறாள். இதைப் புகாராக எழுதி அனுப்பினால், இரண்டு நபர் படத்துக்கு வழக்கமாகக் கூடுதல் கட்டணம் உண்டு, உங்களிடம் வாங்கவில்லை என்று பெருந்தன்மையோடு பதில் வந்தது. மனிதக் கண் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். ஆனால் அந்த விலைக்கு மனிதக் கண் கிடைக்காது போல.

அதைக்கூட விட்டுவிடலாம், முகம்தான் பெரிய கொடுமை. ஸ்டூடியோ விளக்கில் கன்னத்துக்குக் கீழே விழுந்த நிழல், மூக்கோரத்து நிழல், உதட்டுக்குக் கீழே உள்ள நிழல், எல்லாவற்றையும் மென்பொருள் கோடாக ஆக்கிவிட்டது. போட்டோவில் நிழலுக்கு ஓரம் கிடையாது, மெதுவாகக் கரையும். நூலால் கரைய முடியாது. இரண்டு இழை நூல் எப்படித் தைத்தாலும் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் தடிமன் வந்துவிடும், முகமோ துணியில் நாலு சென்டிமீட்டர்தான், அதற்குள் கண், மூக்கு, நிழல் என்று இத்தனை கோட்டைப் போட்டால் இருபது வயசுப் பெண் எழுபது வயசுக் கிழவியாகத்தான் வருவாள். பெட்டி வாங்கித் தைத்தவர்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள், எல்லோருடைய தாத்தா பாட்டியும் ஒரே மாதிரி சுருக்கத்தோடு இருப்பார்கள்.

எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. துணியில் தைக்கிற படத்துக்கு முகச்சாயல் வேண்டியதே இல்லை. தேரில் தொங்குகிற, துணி உருவங்களை வைத்துத் தைத்த தொம்பையை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதில் முருகனை முகத்தை வைத்தா கண்டுபிடிக்கிறோம்? வேல் இருக்கிறது, மயில் இருக்கிறது, முடிந்தது. வங்காளத்துக் காந்தாவிலும் அப்படித்தான், பழைய சேலைகளை அடுக்கி வைத்து, சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்டு ஆள், யானை, பல்லக்கு என்று வரைவார்கள், ஆளின் முகத்துக்கு நாலைந்து தையலுக்கு மேல் செலவழிக்க மாட்டார்கள். அதில் எந்தக் குறையும் தெரியாது. குடும்பப் படத்துக்கும் இதே வழிதான் பொருந்தும். பெரியம்மாவை அடையாளம் காட்டுவது மூக்கில்லை. அந்த ஜடை, காதை இழுக்கிற கல் ஜிமிக்கி, கையில் நாலாக மடித்துப் பிடித்த கைக்குட்டை (எதற்கென்று யாருக்கும் தெரியாது, அந்தக் காலத்துப் படங்களில் எல்லோர் கையிலும் ஒன்று இருக்கும்), பக்கத்தில் ஸ்டூடியோக்காரரின் உயரமான ஸ்டாண்டு, அதன் மேல் பிளாஸ்டிக் பூ. இவ்வளவும் சரியாக வந்துவிட்டால் முகத்தை வெறும் துணியாக விட்டு ஒரு பொட்டு மட்டும் வைத்தாலும் வீட்டில் எல்லோரும் ‘இது அவதானே’ என்று சொல்லிவிடுவார்கள்.

அதனால் அச்சடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு நானே வரைந்தேன். இதற்கு ஓவியம் தெரிய வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் ஏ4 அளவுக்குப் பெரிதாக்கி, மேலே டிரேசிங் தாளை வைத்து, பென்சிலால் கோடு எடுத்தால் போதும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் வேலை. அந்தப் படத்தைப் பார்க்காத ஒருவருக்குப் போனில் விவரித்தால் என்னென்ன சொல்வீர்களோ அவை மட்டும் போதும். நிற்கிறாள், பின்னால் கண்ணாடி, கண்ணாடியில் ஜடை இடுப்புக்குக் கீழே வரை, கையில் கைக்குட்டை. கன்னத்து நிழலைப் போனில் யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடியின் மரச்சட்டத்தை மட்டும் தடித்த கோடாக முழுசாகப் போடுங்கள், அது இல்லையென்றால் மறுபடியும் இரண்டு பெண்கள் ஆகிவிடும்.

கோட்டைத் துணிக்கு மாற்றப் பல வழி உண்டு. வெள்ளைத் துணியாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நேராக வரைந்துவிடலாம், இதுதான் செலவில்லாதது. தையல்காரர்கள் வைத்திருக்கும் மஞ்சள் கார்பன் நல்லது, ஆபீஸ் கறுப்புக் கார்பன் பக்கமே போகாதீர்கள், அந்தக் கறை போகாது. ஆரி வேலை செய்கிறவர்களிடம் கொடுத்தால் டிரேசிங் தாளில் கோடு நெடுக ஊசியால் ஓட்டை போட்டு, மண்ணெண்ணெயில் நீலப்பொடியோ வெள்ளை ஜிங்க் பொடியோ குழைத்துத் தடவிக் கொடுத்துவிடுவார்கள். ஒரே தாளை வைத்து எத்தனை துணியில் வேண்டுமானாலும் எடுக்கலாம், அக்கா தங்கை எல்லோருக்கும் ஒன்று தைக்க நினைத்தால் இதுதான் லாபம். வாடை காற்றாட விட்டால் போய்விடும். இஸ்திரி பட்டால் மறைகிற பேனா ஒன்று வந்திருக்கிறது, வசதிதான், சுமார் 60 டிகிரி சூட்டில் மறையும். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும் மறைந்து தொலையும், கடுங்குளிரில் கோடு திரும்பவும் தெரிய ஆரம்பிக்கும். மதுரையில் அந்தக் கவலை இல்லை. கனடாவில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் பென்சிலிலேயே போடுங்கள். அடர் நிறத் துணிக்கு நீரில் கரையும் ஒட்டுத்தாள் உண்டு, அதில் வரைந்து துணியில் ஒட்டி, மேலேயே தைத்துவிட்டு அலசிவிடலாம், ஆனால் அதை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துவிடும், ஜிப் கவரில் வையுங்கள்.

பெட்டியோடு வந்த துணியைப் பற்றிச் சொல்லவில்லையே. பாலியெஸ்டர் கலந்தது. வளையத்தில் மாட்டினால் மொடமொடவென்று நன்றாகத்தான் நிற்கிறது, கழற்றியதும் தையல் நெடுகச் சுருங்கிக்கொள்கிறது. நான் தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டியில் கிழியாத பக்கமாக ஒரு துண்டு வெட்டி, அடியில் மல் துணி ஒன்று கொடுத்து, இரண்டையும் பெரிய பெரிய ஓட்டுத் தையலால் சேர்த்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி, ஊசி தானாக இறங்குகிறது. வேட்டி இல்லையென்றால் காடாத் துணியோ போப்ளினோ வாங்கி, ஒரு முறை அலசி, காய வைத்து, இஸ்திரி போட்ட பிறகு வரையுங்கள். அலசாமல் தைத்தால் முதல் சலவையில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, படம் கோணிக்கொள்ளும்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பெட்டிக்காரர்கள் கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் சாம்பலில் பல தினுசு நூலும் ஒரு கறுப்பும் பொட்டுக்கு ஒரு சிவப்பும் கொடுத்திருந்தார்கள். பாதுகாப்பான தேர்வு, உயிரே இல்லாத தேர்வு. அந்தப் பெண் சாம்பல் சேலை கட்டிக்கொண்டு வளைகாப்புக்கு உட்காரவில்லை. ஆனால் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் நிறம் தெரியாது, அரக்கும் கரும்பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத்தான் விழும். தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். பெரியம்மாவிடம் போட்டோவைக் காட்டி, "பெரியம்மா, இது நீலமா?" என்றேன்.

"நீலமா? ஏண்டி, அரக்குடி அது. மாம்பழக் கலர்ல கரை. உங்க பெரியப்பா வீட்ல எடுத்தது, எனக்குப் பிடிக்கவே இல்ல, ஆனா சொல்ல முடியுமா?"

பட்டு என்ன ஆயிற்று என்றால், ஜரிகைக்காக எடைக்குப் போட்டு எவர்சில்வர் அண்டா வாங்கிவிட்டார்களாம். ரவிக்கைத் துண்டு மட்டும் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது, மடிப்பு நெடுக வெடித்துப்போய். அதுதான் படத்தில் சேலை ஆனது. பழைய பட்டை அப்படியே வெட்டினால் பிசிறு பிசிறாகக் கழன்று கையில் வந்துவிடும். முதலில் மெல்லிய மல் துணியை அடியில் வைத்து, பார்த்தும் பாராமல் ஓட்டுத் தையல் போட்டுச் சேர்த்துக்கொண்டு, பிறகு உருவத்தை வெட்டுங்கள். சுற்றிலும் ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு, வளைவு வருகிற இடங்களில் சின்னச் சின்னதாகக் கத்தரித்து, ஊசி முனையாலேயே ஓரத்தை உள்ளே மடக்கிக்கொண்டு, துணியின் நிறத்திலேயே ஒற்றை இழை நூலால் ஹெம்மிங் மாதிரி தைத்துக்கொண்டு போக வேண்டும். பெட்டியில் இதற்கென்று ஒரு பசை கொடுத்திருக்கிறார்கள். வேண்டாம். பசை பட்ட இடம் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைத்துப் போகிறது, ஊசி இறங்க மறுக்கிறது. சிலர் வீட்டில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டலாம் என்கிறார்கள், ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைப்பதாக இருந்தால் செய்யலாம்.

ஆளுடைய துணியிலேயே ஆளைத் தைப்பது நம் ஊர்க் கண்டுபிடிப்பு இல்லை. சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, பினோசே ஆட்சியில் காணாமல் போனவர்களின் வீட்டுப் பெண்கள் சாந்தியாகோவில் சேர்ந்து உட்கார்ந்து சாக்குத் துணியின் மேல் துண்டுத் துணிகளை வைத்துப் படங்கள் தைத்தார்கள். அர்ப்பியேரா என்று பெயர். காணாமல் போனவரின் சட்டைத் துணியே சில படங்களுக்குள் இருக்கிறது. சிலவற்றில் பெண்கள் நெஞ்சில் போட்டோவை ஏந்தி நிற்கிற மாதிரி தைத்திருக்கிறார்கள், அந்த போட்டோ விரல் நகம் அளவு வெள்ளைத் துணி, அவ்வளவுதான். சர்ச் வழியாக இவை வெளிநாட்டுக்குப் போய் விற்று அந்தக் குடும்பங்களுக்குச் சோறு போட்டன. எங்கள் வீட்டு வளைகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் பழைய சட்டைத் துண்டு ஒன்று ஒரு ஆளுக்குப் பதிலாக நிற்க முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள். தாத்தாவின் வேட்டியில் கத்தரியை வைக்க எனக்குத் துணிச்சல் வந்தது அதைப் பார்த்துத்தான்.

நூலுக்கு வருகிறேன். பெட்டியில் வந்த நூலில் சிவப்பு சாயம் விட்டது. எந்த நூலை வாங்கினாலும் முதலில் ஒரு விரல் நீளம் வெட்டி, ஈரமாக்கி, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் சோதிக்காமல் வைக்கவே வைக்காதீர்கள். நான் ஆங்கருக்கு மாறினேன், மதுரா கோட்ஸ் தயாரிப்பு, எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் ஹார்வி மில் என்று சொல்லும் பரம்பரை. டிஎம்சியும் நல்ல நூல், 1746இல், இன்று பிரான்சில் இருக்கும் முல்ஹவுஸ் ஊரில் தொடங்கிய கம்பெனி, நிறம் சுமார் ஐந்நூறு உண்டு, பளபளப்பு ஒரு சொட்டு கூடுதல், விலையும் கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. இரண்டிலும் ஒரு கண்டு எட்டு மீட்டர், ஆறு இழை. ஆறையும் சேர்த்துத் தைக்காதீர்கள். கோட்டுக்கு இரண்டு இழை, முகத்தில் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் ஒற்றை இழை, பூவுக்கு மூன்று. ஒரு முழத்துக்கு மேல் நூலை வெட்டினால் துணிக்குள் போய்ப் போய் வந்து பஞ்சு கிளம்பிவிடும், முடிச்சும் விழும். கறுப்பு வேண்டுமென்றால் ஆங்கரில் 403, டிஎம்சியில் 310, கடையில் எண்ணைச் சொன்னால் போதும், நிறத்தைச் சொன்னால் அவர்கள் ஒன்று எடுப்பார்கள் நாம் ஒன்று நினைப்போம். மதுரைக்காரர்களுக்கு: புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளிலும், விளக்குத்தூண் பக்கத்து ரவிக்கைத் துணிக் கடைகளிலும் சுற்றினால் பெட்டிக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகாது.

ஊசி நன்றாக இருந்தது என்று சொன்னேன், உண்மைதான், எட்டாம் நம்பர், கண் பெரிசு, முனை கூர். எண் கூடக் கூட ஊசி மெலிசு, இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு முதல் நாளே தடித்த ஊசி வாங்குகிறவர்கள் நிறைய. வளையம் மரம், திருகு பித்தளை, பிடிமானம் அருமை. உள்வளையத்தில் பழைய பருத்திப் பட்டையைச் சுற்றிக்கொண்டால் துணி வழுக்காது. ராத்திரி வேலையை முடித்து வைக்கும்போது வளையத்தைக் கழற்றிவிடுங்கள், நாள்கணக்கில் மாட்டியபடி விட்டால் விழுகிற வட்டத் தடம் இஸ்திரிக்கும் போகாது.

இப்போது ஜடை. இந்தப் படத்தைத் தைக்க நான் ஆசைப்பட்டதே இதற்காகத்தான், பெட்டியின் விளக்கத்தாள் கையை விரித்ததும் இங்கேதான். பூ என்று வந்த இடமெல்லாம் பிரெஞ்சு முடிச்சு போடுங்கள் என்கிறது. பிரெஞ்சு முடிச்சு உருண்டையாக வரும். ஜடையில் வைத்துத் தைப்பது விரிந்த பூ இல்லை, மொட்டு, மதுரை மல்லியின் மொட்டு நீளமாக, காம்புப் பக்கம் மெலிந்து இருக்கும். உருண்டை முடிச்சு வைத்தால் ஜடையில் ஜவ்வரிசி ஒட்டின மாதிரிதான் இருக்கும். மொட்டுக்கு புல்லியன் தையல்தான் சரி. நூலை மேலே எடுத்து, மொட்டின் நீளம், அதாவது நாலு ஐந்து மில்லிமீட்டர் தள்ளி ஊசியைக் குத்தி, நூல் வந்த இடத்திலேயே முனையை மறுபடி வெளியே கொண்டுவந்து, ஊசியை முழுசாக இழுக்காமல் நிறுத்திக்கொண்டு, முனையில் நூலை ஐந்தாறு சுற்று சுற்ற வேண்டும். சுற்றை இடது கட்டைவிரலால் மெதுவாக அமுக்கிப் பிடித்தபடியே ஊசியை இழுத்து, நூலைப் பின்பக்கம் சாய்த்து, தள்ளிக் குத்திய அதே இடத்தில் கீழே இறக்கினால் மொட்டு படுத்துக்கொள்ளும். இறுக்கிச் சுற்றினால் ஊசி வராது. கண் தடித்த ஊசியாக இருந்தாலும் வராது, சுற்றில் மாட்டிக்கொண்டு எல்லாம் ஒரு கொத்தாக முடிச்சு விழும். அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் உடம்பும் கண்ணும் ஒரே தடிமனாக உள்ள நீள ஊசி ஒன்று தனியாக வாங்குங்கள்.

பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் மாதிரித்துணியில் சங்கிலித் தையலும் காம்புத் தையலும் போட்டுக் கையெழுத்து வாங்கியவர்களுக்கு மற்றதெல்லாம் சுலபம். ஜடையின் முடியை மூன்று புரியாகப் பிரித்துக் காம்புத் தையலில் முதலில் நிரப்பிக்கொண்டேன், வெறும் கறுப்பாகப் போடாமல் நடுநடுவே கரும்பழுப்பு ஓரிரு வரிசை, அப்போதுதான் பின்னல் தெரியும். அதன் மேல் குறுக்கு வரிசையாக மொட்டு, ஒரு வரிசை இடமாகச் சாய்ந்து, அடுத்தது வலமாக. நூலின் நிறம் சுத்த வெள்ளை வேண்டாம், வேட்டித் துணியின் மேல் டியூப்லைட் மாதிரி அடிக்கும், ஆங்கரில் 926 என்று ஒரு சந்தன வெள்ளை இருக்கிறது, அது மல்லிகைக்கு அவ்வளவு பொருத்தம். தாழம்பூ மடலுக்கு மஞ்சளில் சாட்டின் தையல், குஞ்சலத்துக்கு நூலையே கட்டி அப்படியே தொங்க விட்டேன். முகத்தில் புருவம் இரண்டு, மூடின மாதிரி கண் இரண்டு, பொட்டு. மூக்குக்குப் பதில் ஒரு சின்ன மூக்குத்தி. வாயே இல்லை. யாரும் இதுவரை கேட்கவில்லை.

பெரியம்மா கேட்டது வேறு. ஜிமிக்கி சின்னதாக இருக்கிறதாம். போட்டோவில் உள்ள அளவுதான் என்று டிரேசிங் தாளை வைத்துக் காட்டினேன், "போட்டோல அப்படித்தான் விழுந்திருக்கு, நெசத்துல பெருசு" என்றாள். பெரிசாக்கிக் கொடுத்தேன். போட்டோ சொல்வதைவிட அவள் சொல்வதை நம்புவதுதான் முறை, இந்த வேலையில் அதற்கு இடம் இருக்கிறது.

கையால் தைக்க நேரமில்லை, கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடையில் கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: கொடுக்கலாம், ஒரே நாளில் கைக்கு வந்துவிடும், ஆனால் அதுவும் முகத்தை நூலால் நிரப்பித் துணியைப் பலகையாக்கிவிடும், பேட்ஜ் குத்தின மாதிரி இருக்கும். போட்டோவையே துணியில் அச்சடித்து மேலே பூவும் பொட்டும் மட்டும் தைக்கிற முறை ஒன்று இப்போது பரவலாக இருக்கிறது. முதல் தடவை செய்கிறவர்களுக்கு அது தேவலாம், சாயலும் போகாது, கையும் பழகும். அசல் போட்டோவின் மேலேயே ஊசியால் குத்தித் தைக்கிறார்கள் சிலர், அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஓட்டை வரிசையாக விழுந்த தாள் கொஞ்ச நாளில் ஸ்டாம்பு மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் பெட்டிக்கு இரண்டு. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு லீவில் கொடுக்க ஏதாவது வேண்டும், குடும்பப் படம் எல்லாம் வேண்டாம், வீட்டு நாயின் படம் போதும் என்றால் தாராளமாக வாங்கலாம், ஒரே ஆளாக, வெற்றுச் சுவர் முன்னால் நிற்கிற படமாகக் கொடுங்கள். கண்ணாடி, நிழல், கூட்டம், கையில் குழந்தை என்றால் மென்பொருள் குழம்பிவிடும். திருப்பி அனுப்பவும் முடியாது, உங்களுக்கென்றே தயாரித்த பொருள் என்று சொல்லிவிடுவார்கள், வாங்கும்போதே அதைப் படித்துவிடுங்கள்.

தைத்து முடித்தவர்கள் பிரேம் போடும்போது கவனியுங்கள். துணியை அட்டையில் பசை போட்டு ஒட்டக் கூடாது, பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி இழுத்து நிறுத்த வேண்டும், நாளைக்குப் பிரித்து அலச வேண்டுமென்றால் பிரிக்கலாம். பின்பக்கத்து வேட்டித் துணியிலேயே யார், எந்த ஊர், எந்த வருஷம், எந்தத் துணி யாருடையது என்று ஓட்டுத் தையலில் எழுதிவிடுங்கள், பேனா மை ஊறும். வெயில் நேராக விழுகிற சுவர் வேண்டாம், அரக்கு முதலில் வெளுக்கும். பூஜை அலமாரிக்கு மேலேயும் வேண்டாம், எண்ணெய்ப் புகை. பிரேம் கடையில் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விட்டு அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மொட்டெல்லாம் நசுங்கும், ஈரமும் பிடிக்கும். எதற்குத் தண்டச் செலவு என்று கேட்பார்கள். வைத்தே ஆக வேண்டும் என்று பக்கத்தில் நின்று வாங்கி வாருங்கள்.